கைவண்டிக் கண்டுபிடிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தள்ளுவண்டி, டிராலி, குழந்தை வண்டி, சறுக்குவண்டி என்று ஆள் பலத்தில் நகரும் எதையாவது புதிதாக வடிவமைக்க உட்காருபவர்கள் முதலில் சக்கரத்தை வரைகிறார்கள். அடுத்து சட்டம், அடுத்து தட்டு. கைப்பிடி கடைசியாக, மிச்சமிருக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. கோளாறு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த வண்டிகளுக்கு எஞ்சின் மனிதன்தான். அந்த எஞ்சினை அளந்து பார்க்காமல் வண்டியை வரைவதுதான் முதல் தவறு.

அந்த எஞ்சின் சிறியது. உடல்நலமுள்ள ஒருவர் நாள் முழுக்கத் தொடர்ந்து தரக்கூடிய திறன் ஏறக்குறைய 75 வாட். 120 கிலோ எடையுள்ள வண்டியை, 12 அடிக்கு 1 அடி உயரும் சாய்தளத்தில் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஏற்றினால், உராய்வைச் சேர்க்காமலே சுமார் 98 வாட் தேவைப்படும். தள்ளுபவர் தன் உடம்பையும் சேர்த்தே மேலே கொண்டுபோகிறார் என்பது தனிக் கணக்கு. இப்படிப்பட்ட வண்டியில் டைனமோ பொருத்தி, 'ஓடும்போதே இலவச மின்சாரம்' என்று எழுதுகிறார்கள். அது இலவசம் அல்ல, தள்ளுபவரின் தோளிலிருந்து எடுத்தது.

சக்கரத்தின் அளவை அழகுக்காகவும் விலைக்காகவும் குறைப்பது இன்னொரு பெரிய தவறு. வழவழப்பான தரையில் சோதித்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு வாசற்படி விளிம்பு வந்தால் தெரியும். 5 செ.மீ. ஆரமுள்ள சக்கரம் ஒன்று 2 செ.மீ. உயர விளிம்பில் முட்டி நிற்கிறது, அதன்மேல் 30 கிலோ பாரம் என்று வைத்துக்கொள்வோம். அச்சில் கிடைமட்டமாகத் தள்ளினால், 40 கிலோ எடைக்குச் சமமான விசை கொடுத்தால்தான் அது ஏறும். சுமையைவிட அதிகம்! ஆரத்தை 10 செ.மீ. ஆக்கினால் அதே வேலைக்கு 22.5 கிலோ போதும். விளிம்பின் உயரம் ஆரத்துக்குச் சமமாகிவிட்டால் எவ்வளவு தள்ளினாலும் ஏறாது. படி வரும் இடத்தில் மக்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு இழுப்பதைக் கவனித்திருப்பீர்கள். மேலிருந்து சாய்வாகத் தள்ளும்போது கையின் விசையில் ஒரு பங்கு சக்கரத்தைத் தரையோடு அழுத்துகிறது. மேல்நோக்கி இழுக்கும்போது அதே பங்கு பாரத்தைக் குறைக்கிறது. உங்கள் வண்டியில் இழுப்பதற்குக் கைவாகு இருக்கிறதா என்று பாருங்கள்.

சக்கரம் எங்கே இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். ஐரோப்பிய ஒற்றைச் சக்கர வண்டியில் சக்கரம் முன்முனையில் இருப்பதால் பாரத்தின் கணிசமான பங்கைக் கைகள் தூக்கியாக வேண்டும். பழைய சீன வண்டிகள் பலவற்றில் பெரிய சக்கரம் நடுவில் இருக்கும். பாரம் முழுக்க அச்சில் இறங்கிவிடும், கைக்குச் சமநிலை பார்க்கும் வேலைதான். ஆனால் மண்ணைக் கவிழ்த்துக் கொட்ட முன்சக்கர வண்டிதான் வசதி. எந்த வேலைக்கு எது என்று கேட்காமல் ஒன்றை 'மேம்பட்டது' என்று அறிவிக்கக் கூடாது.

நான்கு காஸ்டர் சக்கரம் (வண்டியின் அடியில் பொருத்தும் சிறு சக்கரம்) போட்டால் மொத்த எடையை நான்கால் வகுத்து ஒவ்வொன்றின் தாங்குதிறனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேடுபள்ளமான தரையில் விறைப்பான சட்டத்தின் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும், அப்போது மூன்றுதான் தாங்கும். அதனால் மூன்றால் வகுப்பதே தொழில்வழக்கம். நான்கும் எந்தப் பக்கமும் திரும்பும் சக்கரங்களாக இருந்தால் குறுகிய இடத்தில் சுகம், ஆனால் பக்கச் சாய்வான பாதையில் வண்டி பள்ளத்துப் பக்கமே நழுவும். நீண்ட தூரம் நேராகப் போகும் வண்டிக்கு திசை மாறாத இரண்டு சக்கரங்கள் வேண்டும்.

சறுக்குவண்டியில் சிந்திக்க வேண்டியது தரையைத்தான். பண்டைய எகிப்தில் ஜெஹுதிஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறை ஓவியத்தில், பெரிய சிலை ஒன்றைச் சறுக்குவண்டியில் ஏற்றிப் பலர் இழுக்கிறார்கள். வண்டியின் முன்முனையில் நிற்கும் ஒருவர் மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இதைச் சோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். சரியான அளவு ஈரமிருந்தால் மணலில் இழுவிசை ஏறக்குறைய பாதியாகிறது, ஈரம் கூடிப்போனால் பலன் போய்விடுகிறது. பனியிலும் இதே கதை. கடுங்குளிரில் பனி மணலைப் போலக் கரடாகிவிடும், மிதமான குளிரில் வழுக்கிய வண்டி அங்கே நகர மறுக்கும். ஒரே நாள், ஒரே தரையில் சோதித்துவிட்டு உராய்வு எண்ணை அறிக்கையில் எழுதுவது பயனற்றது. 1888-ல் கிரீன்லாந்தைக் கடந்த நார்வே ஆய்வுப்பயணி நான்சென், பனிச்சறுக்குப் பலகை போல அகலமான அடிக்கட்டைகள் கொண்ட இலேசான வண்டிகளைப் பயன்படுத்தினார். மென்பனியில் புதையாமல் இருக்க அந்த அகலம் தேவை.

மடிக்கும் வண்டி செய்பவர்கள் மடிப்பதை ரசிக்கிறார்கள், கீலை மறக்கிறார்கள். ஓவன் மெக்லாரன் என்ற விமானப் பொறியாளர் 1960-களின் நடுவில் குடைபோல மடியும் குழந்தை வண்டியைக் கொண்டுவந்தது உண்மையிலேயே அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் 2009-ல் அமெரிக்காவில் அவ்வகை வண்டிகள் சுமார் 10 லட்சத்துக்குக் கீல் உறை கொடுக்க வேண்டியதாயிற்று. கீலில் சிக்கிக் குழந்தைகளின் விரல் நுனி துண்டான 12 சம்பவங்கள் பதிவாகியிருந்தன. விரல் நுழையக்கூடிய இடைவெளி ஒவ்வொன்றையும் வரைபடத்திலேயே அடையாளமிட்டு மூடிவிட வேண்டும்.

வண்டி காலியாக நிற்கும் நேரத்தையும் யாரும் யோசிப்பதில்லை. அமெரிக்கக் கடைக்காரர் சில்வன் கோல்ட்மன் 1937-ல் கடைக்கு வருபவர்களுக்கான கூடை வண்டியை அறிமுகப்படுத்தினார். முதலில் வாடிக்கையாளர்கள் தொடவே தயங்கினார்கள், ஆட்களை அமர்த்தி வண்டியைத் தள்ளிக் காட்டவைத்தார். அதைப் பயனுள்ளதாக்கிய அடுத்த படி, 1946-ல் ஆர்லா வாட்சன் செய்தது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி பின்கதவு தூக்கிக்கொள்ளும் வண்டி அது. அதில் புதுமை சுமையில் இல்லை, சுமையற்ற நேரத்தில்.

கைப்பிடிக்கு வருகிறேன். பெர்னார்ட் சாடோ 1972-ல் காப்புரிமை பெற்ற உருளும் பயணப்பெட்டியில் சக்கரங்கள் இருந்தன, இழுக்க ஒரு வார் மட்டும். வார் இழுக்கும், தள்ளாது. அதைக் கொண்டு பெட்டியை நிறுத்தவோ திருப்பவோ முடியாது. ராபர்ட் பிளாத் என்ற விமானி 1987-ல் பெட்டியை நிமிர்த்தி, இரண்டு சக்கரம் வைத்து, நீளும் விறைப்பான கைப்பிடி பொருத்தினார். விமான நிலையங்களில் நாம் இன்று காண்பது அந்த வழியில் வந்தவைதான்.

காப்புரிமை பக்கத்தில் நடக்கும் தவறுகள் வேறு வகை. தன் பொருளுக்குத் தான் வைத்த பெயரில் மட்டும் தேடிவிட்டு 'இப்படி ஒன்று இல்லை' என்று முடிவுகட்டுகிறார்கள். சர்வதேசக் காப்புரிமை வகைப்பாட்டில் கையால் நகர்த்தும் வண்டிகளுக்கும் சறுக்குவண்டிகளுக்கும் பி62பி என்ற தனிப் பிரிவே இருக்கிறது. ஒற்றை அச்சு வண்டி, பல அச்சு வண்டி, குழந்தை வண்டி, சறுக்குவண்டி என உட்பிரிவுகளும் உண்டு. அதற்குள் போய்த் தேடினால் எந்த மொழிப் பெயரானாலும் சிக்கும். காலாவதியான காப்புரிமைகளை விட்டுவிடக் கூடாது. உரிமை காலாவதியானாலும் அவை உங்கள் புதுமையைத் தகர்க்கும். டிராலியில் விளக்கும் கடிகாரமும் மாட்டி இரண்டும் தனித்தனியே தம் வேலையைச் செய்தால், அது கண்டுபிடிப்பாகத் தேறுவது கடினம்.

விண்ணப்பிக்கும் முன் கண்காட்சியில் காட்டிவிடுவது மிகவும் வேதனையான பிழை. அமெரிக்கா போன்ற சில நாடுகளில், காட்டிய பிறகும் விண்ணப்பிக்க 12 மாதச் சலுகைக் காலம் உண்டு. ஐரோப்பாவில் கண்டுபிடித்தவரே காட்டியிருந்தாலும் பொதுவாகப் புதுமை போய்விடும். உரிமை யார் பெயரில் என்பதையும் முன்பே பாருங்கள். பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் ஜேம்ஸ் டைசன் 1970-களில் சக்கரத்துக்குப் பதில் பந்து வைத்த ஒற்றைச் சக்கர வண்டியைச் செய்தார். உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருந்ததால், அங்கிருந்து வெளியேற நேர்ந்தபோது அந்தப் பந்து அவரோடு வரவில்லை.