கட்டுப்பல்லைச் சோற்று உருண்டையால் தள்ளாதீர்கள்

வன்னியில் மீன்முள் தொண்டையில் சிக்கினால் முதல் வைத்தியம் சோற்றுப்பானையில்தான் தொடங்கும். ஒரு பிடியை உருட்டி, "மெல்லாமல் விழுங்கு" என்பார்கள். ஆச்சியின் கட்டுப்பல் கழன்று உள்ளே போனாலும் அதே உருண்டைதான்; அதற்கும் அசையாவிட்டால் வாழைப்பழம். முள்ளுக்கே இது நல்ல வழியல்ல. கட்டுப்பல்லுக்கோ பெரும் ஆபத்து.

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமான மெல்லிய தசைக்குழாய். அது தொடங்கும் இடமும், நெஞ்சுக்குள் பெருநாடி வளைவு அழுத்தும் இடமும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தைக் கடக்கும் இடமும் இயல்பாகவே ஒடுங்கியவை. சில பற்களுக்கு மட்டும் வைக்கும் பகுதிக் கட்டுப்பல்லில் பெரும்பாலும் கம்பிக் கொக்கி இருக்கும். அது சுவரில் மாட்டியிருக்கும்போது மேலிருந்து சோற்றைத் தள்ளினால் கொக்கி இன்னும் ஆழமாகக் குத்தும். குழாயில் துளை விழுந்தால் கிருமி நெஞ்சறைக்குப் பரவி உயிருக்கே உலை வைக்கும். விரலை விட்டு வாந்தி எடுக்கவைப்பதும் அதே கிழிசலைத்தான் செய்யும். போதாததற்கு, வயிறு நிறைந்திருந்தால் மயக்க மருந்து கொடுப்பதும் சிக்கலாகிவிடும். ஆகவே தண்ணீரும் வேண்டாம்.

அடுத்த தவறு, "எக்ஸ்றேயில் ஒன்றுமில்லை" என்றதும் நிம்மதியாக வீடு திரும்புவது. கட்டுப்பல்லின் இளஞ்சிவப்பு அக்ரிலிக் எக்ஸ்றேயில் பெரும்பாலும் தெரியாது. கம்பி இருந்தால் அது மட்டும் தெரியலாம். எனவே பல் காணாமற்போனதை வைத்தியரிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும். உடைந்த மீதித் துண்டு இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். முதியவர்கள் வெட்கத்தில் மறைப்பார்கள்; மறதி நோய் உள்ளவர்களுக்கு விழுங்கியதே நினைவிருக்காது. நாமோ தலையணைக்கடியிலும் கிணற்றடியிலும் பல்லைத் தேடிக்கொண்டிருப்போம். பல்லையும் காணவில்லை, எச்சிலும் வடிகிறது, சாப்பாடும் இறங்கவில்லை என்றால் தேட வேண்டிய இடம் தொண்டைதான். நெஞ்சுவலி, காய்ச்சல், கழுத்து வீக்கம் வந்தால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள்.

"மலத்தோடு போய்விடும்" என்று காத்திருப்பவர்களும் உண்டு. வயிற்றை எட்டிய சிறிய, மழுங்கிய பொருளுக்கு அது பொருந்தலாம். உணவுக்குழாயில் நிற்கும் கூரான பொருளை 2 மணி நேரத்துக்குள், தாமதித்தாலும் 6 மணி நேரத்துக்குள் எடுப்பதே மருத்துவ நெறி. குழந்தை விழுங்கிய பொத்தான் மின்கலத்துக்கும் அதே அவசரம். 2 மணி நேரத்திலேயே அது குழாயைச் சுட்டுவிடும். நம் கிராமத்து வைத்தியசாலைகள் எல்லாவற்றிலும் குழாயை உள்ளே விட்டுப் பார்த்துப் பொருளை எடுக்கும் அகநோக்கிக் கருவி (எண்டோஸ்கோப்) இருக்காது. கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மாற்ற நேரலாம். அந்தப் பயணத்தையும் கணக்கில் சேர்த்து, உடனே 1990 இலவச அம்புலன்சை அழையுங்கள்.

பேசவும் இருமவும் மூச்சுவிடவும் முடிகிறவரின் முதுகில் அடிக்க வேண்டாம். பேச்சும் இருமலும் அற்று மூச்சுத் திணறினால் கதை வேறு: அது மூச்சுக்குழாய் அடைப்பு. அப்போது முதுகில் 5 அடி, பயனில்லாவிட்டால் மேல்வயிற்றில் 5 அழுத்தம், அடைப்பு நீங்கும்வரை மாறிமாறி.

இன்னொன்று. மேற்பல் தட்டு அண்ணத்தை மூடுவதால் முள் வாயில் உணரப்படாது. இரணைமடு மீன் குழம்பானாலும் அப்புவின் கோப்பையில் முள் எடுத்துத்தான் போட வேண்டும். இரவில் பல்லைக் கழற்றித் தண்ணீரில் வையுங்கள். தளர்ந்ததை, வெடித்ததைக் கடைப்பசையால் ஒட்டி அடுத்த பொங்கல்வரை ஓட்டாமல் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.