டிவிடியைக் கணினிக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் நண்பர் ஒருவர் தம் வீட்டு விசேஷ டிவிடிகளைக் கணினியில் ஏற்றுவதை அருகிலிருந்து பார்த்தேன். ஒரு காலத்தில் நான் செய்த தவறுகளை அவரும் அதே வரிசையில் செய்துகொண்டிருந்தார். வட்டைத் துடைத்துப் போடுவது, ஹார்ட் டிஸ்கில் இடம் பார்ப்பது போன்றவற்றைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இண்டர்லேஸ் நீக்காமல் அளவைக் குறைப்பது

பழைய வீடியோ கேமராப் பதிவுகள் பெரும்பாலும் இண்டர்லேஸ் முறையில், அதாவது ஒரு படத்தின் வரிகளை இரண்டு தவணையாகப் பதியும் முறையில் அமைந்தவை. இந்தியாவில் வழங்கிய தொலைக்காட்சி முறையான ‘பால்’ (PAL) முறை டிவிடியில் ஒரு பிரேமுக்கு, அதாவது ஒரு முழுப் படத்துக்கு, 576 வரிகள் உண்டு. ஒன்றுவிட்டு ஒன்றாக 288 வரிகள் ஒரு கணத்திலும், மீதி 288 வரிகள் நொடியில் 50-இல் ஒரு பங்கு கழித்தும் பதிவானவை. இரண்டையும் கணினித் திரை ஒருசேரக் காட்டினால், வீசிய கையின் ஓரம் சீப்புப் பல்லாகப் பிளந்து தெரியும்.

அந்தச் சீப்புப் பல்லோடு விட்டிருந்தாலாவது பிறகு சரிசெய்திருக்கலாம். நானோ 576 வரிகளை 480 ஆகக் குறைத்துச் சுருக்கினேன். அடுத்தடுத்த வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டதால், எந்த வரி எந்தக் கணத்துக்குரியது என்று இனி எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. ஓடிவரும் குழந்தையின் பின்னால் அதன் நிழலுரு ஒன்றும் சேர்ந்து ஓடிவருகிறது. சிறிய சன்னலில் ஓட்டிப் பார்த்ததால் அன்று அது கண்ணில் படவில்லை. வட்டுகளையும் தூக்கிப் போட்டுவிட்டேன். இன்று நினைத்தாலும் எரிச்சல்தான்.

ஆகவே, அசைவுள்ள காட்சி ஒன்றை முழு அளவில் நிறுத்திப் பாருங்கள். பல் தெரிந்தால், வீடியோவை மாற்றும் ஹேண்ட்பிரேக் (HandBrake) மென்பொருளில், இண்டர்லேஸை நீக்கும் டீஇண்டர்லேஸ் ஃபில்டரைப் போடுங்கள். அதில் ‘பாப்’ (Bob) என்பதைத் தேர்ந்தால் நொடிக்கு 50 பிரேம்கள் கிடைத்து, அசைவு மூலத்தில் இருந்தபடியே வழுவழுப்பாக இருக்கும். பல் தெரியாத திரைப்பட வட்டுகளுக்கு இது தேவையில்லை. போட்டால் நுண்விவரம்தான் குறையும்.

700 எம்பிக்குள் அடக்குவது

ஒரு சிடியில் கொள்ள வேண்டும் என்றிருந்த காலத்து வழக்கம் இது. ஃபைல் அளவை விட்டுவிட்டுத் தரத்தை நிர்ணயியுங்கள்: எச்.264 என்னும் சுருக்க முறையில், ஹேண்ட்பிரேக்கில் தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் (RF) எண் 18 முதல் 20 வரை போதும்.

முகம் ஒடுங்குவது

டிவிடியின் பிக்சல் சதுரமல்ல; சதுரமாகக் கொண்டால் படம் ஒடுங்கிவிடும். மூலத்தின் அகல உயர விகிதத்தை (பழைய பதிவுகளில் பெரும்பாலும் 4:3) மாற்றாதீர்கள்.

சுருக்கியதையே மீண்டும் சுருக்குவது

வேண்டாம். டிவிடியில் இருப்பதே எம்பெக்-2 முறையில் ஒருமுறை சுருக்கப்பட்டதுதான். கணினிக்கு மாற்றும்போது சுருக்குவது இரண்டாம் முறை; அந்த ஃபைலை மறுபடியும் சுருக்கினால் தரம் இன்னும் குறையும்.

மூலத்தை அழிப்பது

ஓரடுக்கு வட்டு முழுவதும் 4.7 ஜிபிதான். அதை ஐஎஸ்ஓ (ISO) ஃபைலாக, அதாவது வட்டின் முழு நகலாக, அப்படியே எடுத்து வைத்துவிட்டுப் பிறகு சுருக்கத் தொடங்குங்கள்.