பால்கனியில் கூடா? காகம் பார்க்காதபோது பாருங்கள்

பறவை குஞ்சு வளர்ப்பதைப் பார்க்க வேடந்தாங்கல்வரை போக வேண்டாம். மணி பிளான்ட் தொட்டி, துணிக்கொடி, அறுந்து தொங்கும் கேபிள் வயர், இதில் ஒன்று வீட்டில் இருந்தால் போதும். ஆதம்பாக்கத்தில் எங்கள் மூன்றாவது மாடி பால்கனியில் இதுவரை நான்கு கூடுகள். முதல் கூட்டைக் கெடுத்தது நான்தான்.

1. யாருடைய கூடு?

நாரோ பஞ்சோ கவ்விக்கொண்டு ஒரு பறவை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தால், கட்டுமான வேலை நடக்கிறது. கயிற்றில் குப்பை தொங்குவதுபோல் இருந்து பக்கவாட்டில் சின்ன வாசல் தெரிந்தால், தேன்சிட்டு. சிலந்தி வலையால் ஒட்டியிருக்கும். ஒட்டடை என்று துடைப்பத்தை எடுத்துவிடாதீர்கள். செடிக்குள் கிண்ணம் மாதிரி இருந்தால் பெரும்பாலும் கொண்டைக்குருவி. இலையைச் சுருட்டித் தைத்திருந்தால் தையல்சிட்டு.

2. எங்கே உட்காருவது?

வீட்டுக்குள், ஜன்னல் திரைக்குப் பின்னால். பத்தடியாவது தள்ளி. இருந்தால் பைனாகுலர், இல்லாவிட்டாலும் கண்ணே போதும்.

முதல் வருஷம் நான் தினமும் நாலைந்து தடவை ஸ்டூல் போட்டு ஏறி முட்டையை போனில் படம் எடுத்தேன். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு காகம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான்காம் நாள் கூடு காலி. கூட்டைத் தேடும் வேலையை அதற்காக நானே செய்து கொடுத்திருக்கிறேன்! போதாக்குறைக்கு, அம்மா காக்காய்க்குச் சோறு வைத்ததும் அதே பால்கனியில். இப்போது சமையலறை ஜன்னலுக்கு மாற்றியாகிவிட்டது, முன்னோர்கள் ஆட்சேபிக்கவில்லை.

காகம் கண்ணில் பட்டால் கூட்டுப் பக்கம் திரும்பாதீர்கள். துணியைச் சில வாரம் வேறெங்காவது காயப்போடுங்கள்.

3. நோட்டுப் போடுங்கள்

காலை ஆறரைக்கு அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். தேதி, எத்தனை தடவை இரை வந்தது, என்ன இரை என்று எழுதுங்கள். தாய் வாயில் பூச்சியோடு வர ஆரம்பித்தால் முட்டை பொரிந்துவிட்டது. எட்டிப் பார்க்கத் தேவையே இல்லை. தேன்சிட்டும் குஞ்சுக்குப் பூச்சி, சிலந்தி கொடுக்கும். திரும்பிப் போகும்போது அலகில் வெள்ளையாக ஒரு பொட்டலம் இருக்கும். அது குஞ்சின் எச்சம், சவ்வுப் பையோடு வரும். எனக்கு மிகப் பிடித்த காட்சி இதுதான், வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

கொண்டைக்குருவி சுமார் இரண்டு வாரம் அடைகாக்கும். பொரிந்து 12 நாள் போல ஆனதும் குஞ்சு வெளியேறும். தேன்சிட்டு பொதுவாக 2 முட்டை இடும். அடைகாக்க 15 நாள், குஞ்சு பறக்க இன்னும் 17 நாள் வாக்கில் ஆகும்.

4. குஞ்சு கீழே விழுந்தால்

இறகு முளைக்காத குஞ்சை எடுத்துக் கூட்டிலேயே வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. இறகு முளைத்து, வால் குட்டையாக, தத்தித் தத்திப் போனால் பறக்கப் பழகுகிறது என்று அர்த்தம். பூனையை விரட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். பெற்றோர் பக்கத்தில்தான் இருக்கும். வீட்டில் வைத்து வளர்க்காதீர்கள். முட்டை, கூடு, குஞ்சு எல்லாவற்றையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது.

5. பால்கனி காலியான பிறகு

தெருவில் வேப்பமரத்தின்மேல் காகக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். மே, ஜூனில் அங்கே வாயைப் பிளந்து கத்தும் குஞ்சுக்கு நீள வாலும் பழுப்பு வரிகளும் தெரிந்தால், அது குயில். இரை ஊட்டிக்கொண்டிருப்பது, என் முட்டைகளைத் தூக்கிப் போன அதே காகமாகக்கூட இருக்கலாம்.