கேம் ஓடவில்லையா? முதலில் இதையெல்லாம் செய்யாதீர்கள்

‘ப்ளே’ பட்டனை அழுத்துகிறோம். கர்சர் இரண்டு சுற்று சுற்றுகிறது, அப்புறம் ஒன்றுமில்லை. அல்லது லோகோ வரை வந்து டெஸ்க்டாப்புக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. பிசி கேமிங்குக்குப் புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில் செய்யும் காரியங்கள் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் இருக்கின்றன. பழைய ஆட்களும் ஒரு காலத்தில் செய்தவைதான். ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், கேம் கேட்கும் அளவு ராம் இருக்கிறதா பாருங்கள் என்பதெல்லாம் இங்கே வராது. சரிசெய்யப் போய் மேலும் கெடுத்துக்கொள்ளும் வேலைகளைப் பற்றி மட்டும் பேசுவோம்.

எடுத்த எடுப்பில் அன்இன்ஸ்டால்

நூறு ஜிபி கேமை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து இறக்க உட்கார்வது. கேம் வாங்கி இறக்க உதவும் ஸ்டீம் ஆப்பில் கேமின் பெயர் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ், அங்கே ‘வெரிஃபை’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. கெட்டுப்போன ஃபைல்களை மட்டும் கண்டுபிடித்து அவற்றை மட்டும் இறக்கும். ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு ஃபைல் தேறவில்லை என்று சொன்னால் கவலை வேண்டாம். கேம் தானே மாற்றி எழுதிக்கொள்ளும் செட்டிங் ஃபைல்கள் அப்படித்தான் தெரியும். ஒருமுறை 3, அடுத்த முறை 17, அதற்கடுத்து 8 என்று எண்ணிக்கை தாவினால்தான் விஷயம் வேறு. குற்றவாளி கேம் அல்ல, டிஸ்க் அல்லது ராம்.

இன்னொன்று, எல்லா கேமுக்கும் ஸ்டீம் கிளவுட் (சேவ் ஃபைலை இணையத்தில் பத்திரப்படுத்தும் வசதி) கிடையாது. சேவ் ஃபைல் டாகுமென்ட்ஸுக்குள் ‘மை கேம்ஸ்’ ஃபோல்டரிலும் இருக்கலாம், ஆப்டேட்டாவிலும் இருக்கலாம், சில பழைய கேம்களில் கேம் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கலாம். அது எங்கே என்று தெரியாமல் எதையும் அழிக்காதீர்கள். செட்டிங்கை ரீசெட் செய்து பார்க்க வேண்டுமென்றால் அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றி வைத்தால் போதும். கேம் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும், பழையது பத்திரமாக இருக்கும்.

காணாமல் போன டிஎல்எல்லைத் தனியாக இறக்கி ஒட்டுவது

இத்தனை வருடமாகியும் எரிச்சலூட்டுவது இது ஒன்றுதான். டிஎல்எல் என்பது பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் துணை ஃபைல். வழக்கமாகக் கதை இப்படிப் போகும். ‘எம்எஸ்விசிபி140 டிஎல்எல் கிடைக்கவில்லை’ என்று ஒரு பெட்டி வரும். பையன் அந்தப் பெயரை அப்படியே தேடுவான். டிஎல்எல்லை இலவசமாகத் தருவதாகச் சொல்லும் தளங்கள் வந்து நிற்கும். ஒன்றை இறக்கி சிஸ்டம்32 ஃபோல்டரில் போடுவான், நிச்சயத்துக்காக கேம் ஃபோல்டரிலும் ஒரு பிரதி. மறுபடி திறந்தால் வேறு செய்தி: 0எக்ஸ்சி000007பி. செய்தி மாறிவிட்டதே, முன்னேற்றம்தான் என்று நினைப்பான். உண்மையில் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறான்.

7பி என்று முடியும் அந்தப் பிழை பெரும்பாலும் சொல்வது என்ன? 64 பிட் புரோகிராமுக்கு 32 பிட் டிஎல்எல் கிடைத்திருக்கிறது, அல்லது அதற்கு நேர்மாறு. இதில் விண்டோஸும் ஒரு குழப்பம் செய்து வைத்திருக்கிறது. 64 பிட் விண்டோஸில் ‘சிஸ்டம்32’ ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் டிஎல்எல்கள். 32 பிட் டிஎல்எல்கள் ‘சிஸ்வாவ்64’ ஃபோல்டரில். பெயர்ப்பலகை இரண்டும் இடம் மாறித் தொங்குகின்றன. பெயரை நம்பி ஃபைலைப் போடுபவர் தவறாகப் போடுவதற்கே வாய்ப்பு அதிகம். அந்தத் தளத்திலிருந்து வந்தது எந்தப் பதிப்பு, உள்ளே வேறு என்ன கட்டிக் கொடுத்தார்கள் என்பது தனிக் கவலை.

அத்தோடு, இந்த டிஎல்எல்கள் தனியாக வருபவை அல்ல. எம்எஸ்விசிபி140க்குக் கூடவே விசிரன்டைம்140 வேண்டும், பல 64 பிட் கேம்களுக்கு விசிரன்டைம்140_1 வேண்டும். ஒன்றை ஒட்டினால் அடுத்தது இல்லை என்று வரும்.

சரியான வழி சின்னது. பெயரில் உள்ள எண்ணைப் பாருங்கள். 140 என்றால் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் (இந்த டிஎல்எல்களை மொத்தமாகப் போடும் இன்ஸ்டாலர்), 2015 முதலான தொகுப்பு. 120 என்றால் 2013, 110 என்றால் 2012, 100 என்றால் 2010. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் போடுங்கள். விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் 32 பிட் கேமுக்கு எக்ஸ்86தான் வேண்டும். ஏற்கெனவே இருந்தால் அதே இன்ஸ்டாலர் ‘ரிப்பேர்’ என்று ஒரு வாய்ப்பு தரும். (கன்ட்ரோல் பேனலில் இவை பத்துப் பன்னிரண்டு வரிசையாக நிற்பதைப் பார்த்து, ஒன்று போதுமே என்று மற்றவற்றை நீக்குகிறவர்களும் உண்டு. அவர்கள்தான் மறுவாரம் உதவி கேட்டு வருவார்கள்.)

டி3டிஎக்ஸ்9_43, எக்ஸ்இன்புட்1_3, எக்ஸ்3டிஆடியோ1_7 போன்ற பெயர்கள் வந்தால் அது வேறு குடும்பம். ஸ்கைரிமின் 2011 பதிப்பு அந்தக் கடைசிப் பெயரைச் சொல்லி அடம்பிடிப்பது பலருக்கும் பழக்கமானது. ‘என் பிசியில் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே’ என்ற பதில் இங்கே உதவாது. விண்டோஸோடு வரும் 12ல் இந்தப் பழைய துணை ஃபைல்கள் கிடையாது. 2010 ஜூன் மாத டைரக்ட்எக்ஸ் என்ட் யூசர் ரன்டைம் போட வேண்டும். புதியதை அது கெடுக்காது, பக்கத்தில் போய் உட்காரும். டேட்டா குறைவாக இருந்தால் இறக்கக்கூட வேண்டியதில்லை. ஸ்டீமின் ‘காமன்’ ஃபோல்டரில், கேமுக்குள்ளோ ‘ஸ்டீம்வொர்க்ஸ் ஷேர்டு’ என்ற ஃபோல்டரிலோ, ‘காமன்ரீடிஸ்ட்’ என்று ஒன்று இருக்கும். பல நேரங்களில் இரண்டு இன்ஸ்டாலரும் அங்கேயே தூங்கிக்கொண்டிருக்கும்.

இனி இதன் உண்மையான விலை. விண்டோஸ் ஒரு டிஎல்எல்லைத் தேடும்போது பொதுவாக முதலில் பார்ப்பது கேம் இருக்கும் ஃபோல்டரை, அப்புறம்தான் சிஸ்டம்32. ஆக, அன்று ‘நிச்சயத்துக்காக’ ஒட்டிய பிரதி அங்கேயே இருக்கும்வரை, சரியான ரீடிஸ்ட்ரிபியூட்டபிளைப் போட்ட பிறகும் கேம் அந்தத் தவறான ஃபைலைத்தான் எடுக்கும். வெரிஃபை செய்தாலும் போகாது, ஏனென்றால் தன் பட்டியலில் இல்லாத உபரி ஃபைலை ஸ்டீம் தொடுவதில்லை. அன்இன்ஸ்டால் செய்தாலும் அந்த ஒற்றை ஃபைல் ஃபோல்டரில் தங்கிவிடும், நூறு ஜிபி மறுபடி அதன் மேலேயே வந்து இறங்கும். ‘எல்லாம் செய்து பார்த்துவிட்டேன், கடைசியில் விண்டோஸையே மாற்றினேன்’ என்கிற கதைகளில் பல இங்கிருந்து தொடங்கியவை. கேம் டி டிரைவில் இருந்தால் விண்டோஸ் மாற்றியும் அது போயிருக்காது.

கேம் ஃபோல்டரைத் திறந்து, ஃபைல் உருவான தேதி (‘டேட் கிரியேட்டட்’) வாரியாக அடுக்குங்கள். எல்லா ஃபைலும் ஒரு தேதியில் இருக்க, ஒன்று மட்டும் நீங்கள் திண்டாடிய நாளின் தேதியோடு நிற்கும். ப்ராப்பர்ட்டீஸில் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ டேப் இருக்கிறதா பாருங்கள். மைக்ரோசாஃப்ட் டிஎல்எல் என்று சொல்லிக்கொண்டு அந்தக் கையெழுத்து இல்லையென்றால் தூக்கி வெளியே போடுங்கள், பிறகு ரிப்பேர். ஒட்டிய நாளில் ஆன்டிவைரஸ் முழு ஸ்கேனும் ஓட்டிவிடுவது நல்லது.

பெட்டியில் வந்த செய்தியை அப்படியே நம்புவது

‘அவுட் ஆஃப் வீடியோ மெமரி’ என்று வந்தால் கிராபிக்ஸ் கார்டு போதவில்லை என்றுதானே தோன்றும்? இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில் அது பலரை ஏமாற்றியது. 24 ஜிபி கார்டு வைத்திருந்தவர்களுக்கும் அன்ரியல் என்ஜின் கேம்களில் இதே செய்தி வந்தது. ஷேடர்களை (காட்சியை வரையும் சிறு புரோகிராம்கள்) விரித்தெடுக்கும்போது தவறு செய்தது பிராசஸர். அளவுக்கு மீறிய வோல்டேஜே காரணம் என்று இன்டெல் 2024ல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் அடிப்படைக் கட்டளைகள்) திருத்தம் விட்டது, வாரண்டியையும் 2 வருடம் நீட்டியது. பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் மூலம்தான் அது வந்து சேரும். ஏற்கெனவே சேதமான சிப்பை அது குணப்படுத்தாது. சோதிப்பதற்கு, பயாஸில் பெர்ஃபாமன்ஸ் கோர் ரேஷியோவை 55லிருந்து 53க்குக் குறைத்துப் பாருங்கள். கிராஷ் நின்றால் வாரண்டி பில்லைத் தேட வேண்டிய நேரம்.

நம்ப வேண்டிய இடம் ஈவென்ட் வியூவர். ஸ்டார்ட் மெனுவில் பெயரைத் தட்டி, விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன். கிராஷ் ஆன நிமிடத்தில் சிவப்புக் குறியுடன் ஈவென்ட் ஐடி 1000 இருக்கும். அதில் ‘ஃபால்ட்டிங் மாட்யூல்’ என்ற வரிதான் முக்கியம். பெயர் ‘என்வி’ என்று தொடங்கினால் என்விடியா டிரைவர் பக்கம் சந்தேகம். ‘ஆர்டிஎஸ்எஸ்’ என்றால் கிராபிக்ஸ் கார்டைக் கவனிக்கும் ஆஃப்டர்பர்னரோடு வரும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) காட்டி. ‘டிஸ்கார்டுஹுக்’ என்றால் டிஸ்கார்டின் ஓவர்லே (கேமின் மேல் தெரியும் அரட்டைப் பெட்டி), அணைத்துவிட்டால் முடிந்தது. ‘என்டிடிஎல்எல்’ என்று வந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, விண்டோஸைக் குற்றம் சொல்லாதீர்கள். கேம் மட்டுமல்லாமல் பிசியே அணைந்து எழுந்தால் ‘சிஸ்டம்’ லாகில் கெர்னல் பவர் 41 இருக்கும். அங்கே ‘வீயா லாகர்’ (WHEA-Logger, ஹார்டுவேர் பிழையைக் குறிப்பது) என்ற பெயரும் சேர்ந்து தெரிந்தால் சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டுவதை நிறுத்தலாம்.

ஆன்டிவைரஸை மொத்தமாக அணைப்பது

கேம் ஃபோல்டரை மட்டும் விலக்குப் பட்டியலில் சேருங்கள்.

பேஜ் ஃபைலை நீக்குவது

பேஜ் ஃபைல் என்பது ராமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்கில் ஒதுக்கும் இடம். 16 ஜிபி ராம் இருக்கிறதே, எதற்கு என்று ஏதோ ஒரு ‘எஃப்பிஎஸ் பூஸ்ட்’ வீடியோவைப் பார்த்துச் செய்வது. கேம்கள் உண்மையில் தொடும் அளவைவிட அதிகமாக மெமரியை முன்பதிவு செய்யும். பேஜ் ஃபைல் இல்லையென்றால், ராம் காலியாக இருக்கும்போதே பதிவு மறுக்கப்பட்டு கேம் விழும். ‘சிஸ்டம் மேனேஜ்டு’ என்று விட்டுவிடுங்கள்.

யூசர் பெயரைத் தமிழில் வைப்பது

தமிழ் மீது குறையில்லை, குறை அந்த கேம்களில். விண்டோஸ் லோக்கல் அக்கவுண்ட்டை ‘முருகன்’ என்று தமிழ் எழுத்தில் தொடங்கினால், சி டிரைவில் ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள்ளும் அதே பெயரில் ஃபோல்டர் உருவாகும். சேவ், செட்டிங் எல்லாம் அதற்குள்தான். ஆங்கில எழுத்துகளை மட்டும் எதிர்பார்த்து எழுதிய சில கேம்கள் அந்தப் பாதையைப் படிக்கத் தெரியாமல், ஒரு பிழைச் செய்தி கூட இல்லாமல் மூடிக்கொள்ளும். பின்னால் செட்டிங்ஸில் பெயரை மாற்றினால் திரையில் தெரியும் பெயர்தான் மாறும், ஃபோல்டர் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில், நடுவே இடைவெளி இல்லாமல் புது லோக்கல் அக்கவுண்ட் ஒன்று தொடங்கி, அதில் கேமைத் திறந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அங்கே ஓடினால் கேமும் டிரைவரும் நலம் என்றும் தெரிந்துவிடும்.

ஒரே மூச்சில் ஐந்து மாற்றம்

ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது.

எக்ஸ்எம்பியை மறந்துவிடுவது

பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதை விற்ற வேகத்தில் ஓட்டும் செட்டிங்) போட்டதும் ராம் தன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓடத் தொடங்குகிறது. நடைமுறையில் அது ஓவர்கிளாக். பிரவுசரும் வீடியோவும் அதைக் கண்டுகொள்ளாது, பெரிய கேம் கண்டுகொள்ளும். வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு கேம், வெவ்வேறு மாட்யூல் பெயர் என்று கிராஷ் அலைந்தால் எக்ஸ்எம்பியை அணைத்து ஒரு மாலை முழுக்க விளையாடிப் பாருங்கள். நின்றுவிட்டால், 3200 என்று விற்ற ராமை 3000ல் வைத்து நிம்மதியாக இருக்கலாம். நிற்கவில்லையென்றால் மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் ஏற்றி இரவில் ஓட விடுங்கள். காலையில் ஒரே ஒரு சிவப்பு வரி இருந்தாலும் அந்த ராம் கடைக்குத் திரும்ப வேண்டியதுதான்.