பழைய ராணுவ ரைபிள்களை அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்வது எப்படி

அமெரிக்காவில் பழைய ராணுவ ரைபிள் சேகரிக்கிற நிறையப் பேருக்கு ஒரு நினைப்பு இருக்கிறது: 03 லைசென்ஸ் கையில் இருந்தால் போதும், ஐரோப்பாவில் ஒரு வியாபாரியிடம் பேசி நாலு மவுசர் ரைபிளை நேராக வீட்டுக்கு வரவழைத்துவிடலாம் என்று. முடியாது. 03 என்பது சேகரிப்பாளர் லைசென்ஸ். மூன்று வருஷத்துக்கு 30 டாலர், 21 வயது ஆகியிருக்க வேண்டும். 50 வருஷத்துக்கு மேல் பழைய, அசல் வடிவம் மாறாத துப்பாக்கியை நாட்டுக்குள் எந்த மாநிலத்திலிருந்தும் வீட்டு வாசலுக்கே வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ராணுவம் கழித்துவிட்ட ரைபிளை எல்லை தாண்டிக் கொண்டுவர 08 லைசென்ஸ் வைத்திருக்கிற இறக்குமதியாளரால்தான் முடியும்.

இது ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். 1960களின் நடுப்பகுதி வரை இந்த வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு என்று பெரிதாக எதுவும் இல்லை. வர்ஜீனியா மாநிலம் அலெக்சாண்ட்ரியாவில் சாமுவேல் கமிங்ஸ் நடத்திய இன்டர்ஆர்ம்ஸ் மாதிரி நிறுவனங்கள் உலகப் போர் முடிந்து மிஞ்சியதைக் கப்பல் கப்பலாக இறக்கின, அதைத் தபாலில் வாங்கலாம். கென்னடியைச் சுட்ட இத்தாலியக் கர்கானோவும் அப்படித் தபாலில் வாங்கியதுதான். 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ராணுவ உபரி இறக்குமதியை அடியோடு நிறுத்தியது. 1984ல் செனட்டர் பாப் டோல் கொண்டுவந்த திருத்தம்தான் கதவை ஒரு இடுக்கு திறந்தது: பழம்பொருள் வகையில் (மேலே சொன்ன, 50 வருஷம் தாண்டிய அசல் வடிவத் துப்பாக்கி) சேரும் ரைபிளையும் ஷாட்கன்னையும் லைசென்ஸ் உள்ள இறக்குமதியாளர் கொண்டுவரலாம் என்று. நாம் செய்வதெல்லாம் அந்த இடுக்கு வழியாகத்தான்.

அடுத்ததாக, நம்மவர்கள் நிறையப் பேருக்குத் தேவைப்படுகிற விஷயம். எச்1பி, எஃப்1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டத்தில் தடை உண்டு. வேட்டை லைசென்ஸ் இருந்தால் விதிவிலக்கு கிடைக்கும், ஆனால் அதை நம்பி இந்தத் தொழிலில் இறங்காதீர்கள். பச்சை அட்டை வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. அப்புறம், வாங்கினதை ஒருநாள் ஊருக்குக் கொண்டுபோகலாம் என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். .303ம் 7.62ம் இந்தியாவில் தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண ஆளுக்கு லைசென்ஸ் கிடைக்காது.

சரி, உண்மையிலேயே இறக்குமதிதான் செய்யப்போகிறீர்கள் என்றால் 08 லைசென்ஸுக்கு 150 டாலர், அதுவும் மூன்று வருஷத்துக்கு. தொழில் நடத்த ஒரு இடம் காட்ட வேண்டும், துப்பாக்கி லைசென்ஸ்களைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப்பின் ஆள் நேரில் வந்து பேசிவிட்டுப் போவார். அது போக ஆயுத இறக்குமதியாளராகத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், ஃபார்ம் 4587, வருஷத்துக்கு 250 டாலர். செலவு பெரிதில்லை. வேலை எல்லாம் இதற்கு அப்புறம்தான் இருக்கிறது.

பேப்பர் முதலில், பணம் அப்புறம்

ஒரு வெளிநாட்டுக் கிடங்கில் 200 லீ-என்ஃபீல்ட் ரைபிள் இருக்கிறது, விலை படிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டத்தில் அட்வான்ஸ் கொடுக்கிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். ஏடிஎஃப் தரும் இறக்குமதி அனுமதியான ஃபார்ம் 6 பர்மிட் கைக்கு வரும் முன் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள், அல்லது பர்மிட் கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பவரிடம் விலைப்பட்டியலுக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு பட்டியல்: ஒவ்வொரு ரைபிளும் எங்கே, எந்த வருஷம் செய்தது, மாடல் என்ன, காலிபர் என்ன, சீரியல் நம்பர் என்ன, கடந்த ஐந்து வருஷமாக எந்த நாட்டில் இருந்தது, அந்த நாட்டுக்கு அது எப்படி வந்து சேர்ந்தது. கடைசி இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல மழுப்புகிறார் என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுவதே நல்லது.

ஏன் ஐந்து வருஷம்? சீனா, வட கொரியா, கியூபா, ஈரான் என்று ஒரு தடைப் பட்டியல் இருக்கிறது. சீனத் துப்பாக்கி இறக்குமதி 1994லிருந்து நின்றுபோனது. ஆனாலும் சீனாவில் செய்த பழைய எஸ்கேஎஸ் ரைபிள், பட்டியலில் இல்லாத ஒரு நாட்டில் ஐந்து வருஷம் தொடர்ந்து இருந்தது என்று நிரூபித்தால், பழம்பொருள் என்ற வகையில் பர்மிட் கேட்க வழி உண்டு. ரஷ்யச் சரக்கு தனிக் கதை. 1996 ஒப்பந்தத்தின்படி குறிப்பிட்ட சில மாடல்களுக்கு மட்டும்தான் அனுமதி இருந்தது. 2021 செப்டம்பரில் வந்த தடைக்குப் பிறகு ரஷ்யாவிலிருந்து புதிதாகப் பர்மிட் கிடைப்பது நின்றுவிட்டது. ரஷ்ய ராணுவ ரைபிளான மோசின் 91/30 ஒரு காலத்தில் நூறு டாலருக்கும் கீழே கிடைத்தது, இன்று பல நூறு கேட்கிறார்கள் என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைவிடப் பெரிய பள்ளம் அமெரிக்காவே கொடுத்த துப்பாக்கிதான். அமெரிக்க ராணுவ உதவியாக வெளிநாட்டு அரசுக்குப் போன எதையும் திரும்பக் கொண்டுவர வெளியுறவுத் துறை சம்மதம் வேண்டும். தென் கொரியாவில் 80,000க்கும் மேற்பட்ட எம்1 கராண்ட் என்ற பழைய அமெரிக்க ராணுவ ரைபிள்கள் கிடந்தன, அவற்றை விற்க அந்த அரசு 2009 வாக்கில் முயன்றது, வாஷிங்டனில் தடுத்துவிட்டார்கள். 2013ல் இந்த மாதிரி மறு இறக்குமதியைத் தனியாருக்கு மறுப்பதே கொள்கை என்று அறிவிப்பும் வந்தது. கராண்ட் வேண்டுமென்றால் அலபாமாவில் ஆனிஸ்டனில் இருக்கும், பழைய ராணுவ ரைபிளைப் பொதுமக்களுக்கு விற்கிற சிஎம்பி அமைப்பு வழியாக வாங்குவதே மரியாதை. கிரீஸ், டென்மார்க் மாதிரி நாடுகளுக்குக் கடனாகப் போய்த் திரும்பியவைதான் அங்கே பெரும்பாலும் விற்றன.

என்ஃபீல்ட் தானே, பிரிட்டிஷ் சரக்கு, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இரண்டாம் உலகப் போரில் சாவேஜ் நிறுவனம் அமெரிக்காவில் செய்த நம்பர் 4 என்ஃபீல்ட் ரைபிள்களின் ரிசீவர் (போல்ட் ஓடுகிற இரும்பு உடல்) இடப்பக்கத்தில் 'யு.எஸ். பிராப்பர்ட்டி' என்று அடித்திருக்கும். போரில் நேச நாடுகளுக்கு அமெரிக்கா தளவாடம் கொடுத்த லெண்ட்-லீஸ் உதவியில் போனவை. 200 ரைபிளில் 15 அப்படி இருந்தால் மொத்த விண்ணப்பமும் சிக்கிக்கொள்ளும். அதனால் இடப்பக்கப் புகைப்படம் ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். அப்படிப்பட்டதைத் தனியாக ஒதுக்கி, மற்றதற்கு மட்டும் விண்ணப்பியுங்கள்.

இந்த விஷயத்தில் நம்ம இஷாப்பூர் ரைபிள் தலைவலி இல்லாத சரக்கு. மேற்கு வங்க இஷாப்பூர் தொழிற்சாலை 7.62 நேட்டோ தோட்டாவுக்காகவே செய்த 2ஏ1, 1965ல் தொடங்கி 1970களின் நடுப்பகுதி வரை வந்தது. ஆக இப்போது கிட்டத்தட்ட எல்லாமே 50 வயதைத் தாண்டிவிட்டன. இந்தியா தடைப் பட்டியலில் இல்லை, அமெரிக்க உதவி என்ற கேள்வியும் இல்லை. ஒரே ஒரு விஷயம், அதன் மேகசின் 12 தோட்டா கொள்ளும், 10க்கு மேல் கூடாது என்கிற மாநிலங்களில் விற்க முடியாது.

முழுத் தானியங்கி எதையும் தொடவே தொடாதீர்கள். அரைத் தானியங்கியாக மாற்றிவிட்டோம் என்று விற்பவர் சொன்னாலும் சரி, ரிசீவர் ஒரு தரம் மெஷின் கன்னாகப் பிறந்திருந்தால் ஏடிஎஃப் கணக்கில் அது கடைசிவரை மெஷின் கன்தான். எஸ்கேஎஸ், எகிப்தின் ஹக்கீம் மாதிரி பிறவியிலேயே அரைத் தானியங்கியாக இருப்பவை அசல் வடிவில் இருந்தால் வரும். யாராவது புதுக் கட்டை (ரைபிளின் மரப்பாகம்), புது மேகசின் மாட்டியிருந்தால் பழம்பொருள் தகுதி போச்சு. யூகோஸ்லாவியாவில் செய்த எஸ்கேஎஸ் வகையான எம்59/66ல் முன்னால் இருக்கும் கிரெனேட் லாஞ்சர் கலிபோர்னியாவில் பிரச்சினை, அதையும் வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பர்மிட் இரண்டு வருஷம் செல்லும். விற்கும் நாடு ஏற்றுமதி லைசென்ஸ் தரும் முன் சர்வதேச இறக்குமதிச் சான்றிதழ் கேட்கலாம், அதற்கு ஃபார்ம் 4522. கப்பல் பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தடைப் பட்டியல் நாடு ஒன்றுக்குச் சொந்தமான அல்லது அது நடத்துகிற கப்பலில் இந்தச் சரக்கை ஏற்றக்கூடாது. சரக்கு அனுப்பும் ஏஜென்ட் மலிவான கப்பலைப் பார்த்துப் போட்டுவிடுவார், அவருக்கு இந்த விதி தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. ஆயுதச் சரக்கு கையாண்ட பழக்கம் உள்ள சுங்க ஏஜென்ட்டைப் பிடிப்பது இதற்காகத்தான்.

துறைமுகத்தைத் தாண்டிய பிறகு

சுங்கம் விடுவித்த நாளிலிருந்து 15 நாள். அதற்குள் சரக்கு வந்ததைத் தெரிவிக்கும் ஃபார்ம் 6ஏ ஏடிஎஃப்புக்குப் போய்ச் சேர வேண்டும், ஒவ்வொரு ரைபிளிலும் முத்திரையும் பதித்திருக்க வேண்டும். இறக்குமதியாளர் பெயர், ஊர், மாநிலம், செய்த நாடு, தயாரிப்பாளர், மாடல், காலிபர், சீரியல் நம்பர். ஆழம் குறைந்தது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு, சீரியல் எழுத்தின் உயரம் குறைந்தது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒன்று. சிரிலிக் (ரஷ்ய) எழுத்து கலந்த சீரியல் செல்லாது. அதனால்தான் மோசின்களின் ரிசீவரில் ரோமன் எழுத்தில் இரண்டாவதாக ஒரு நம்பர் அடித்திருக்கும். ஒரே நம்பர் இரண்டு ரைபிளில் வந்தாலும் ஏற்க மாட்டார்கள், முன்னால் ஒரு எழுத்து சேர்த்துப் புது நம்பர் கொடுக்க வேண்டும்.

சேகரிப்பாளர்களுக்கு இறக்குமதியாளர் மேல் இருக்கிற கோபத்தில் பெரும்பகுதி இந்த முத்திரையால்தான். பேரல் பக்கவாட்டில் விளம்பரப் பலகை அளவுக்குப் புள்ளிப் புள்ளியாகக் குத்தி வைத்தால் ரைபிளின் மதிப்பு அங்கேயே இறங்கிவிடும். சட்டம் பெயரையும் ஊரையும் பேரலில் போட அனுமதிக்கிறது, எனவே நுனிக்குப் பக்கத்தில் அடிப்பக்கமாக, அனுமதித்த சின்ன அளவில் போடுங்கள். வாங்குகிறவர்களும் இதைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். செயின்ட் ஆல்பன்ஸ், வெர்மான்ட் என்றால் செஞ்சுரி நிறுவனம், ரெட்மண்ட், வாஷிங்டன் என்றால் பிடபிள்யூ ஆர்ம்ஸ், கராண்டில் ஆர்லிங்டன், வர்ஜீனியா என்றால் ப்ளூ ஸ்கை, கொரியாவிலிருந்து 80களில் வந்தது. முத்திரையே இல்லாத ரைபிள் என்றால் 1968க்கு முன் வந்ததாகவோ, போர் முடிந்து சிப்பாய் கொண்டுவந்ததாகவோ இருக்கலாம், விலையும் அதற்கேற்பக் கூடும்.

பெட்டியைத் திறக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். மோசின் என்றால் மரப்பெட்டிக்கு 20, ஒவ்வொன்றும் எண்ணெய்க் காகிதம் சுற்றி, காஸ்மோலின் என்கிற பழுப்பு கிரீஸில் முங்கிக் கிடக்கும். வெளியே மட்டும் துடைத்துவிட்டு விற்பனைக்கு வைக்காதீர்கள். போல்ட்டைக் கழற்றி ஃபயரிங் பின் ஓட்டை வரை மினரல் ஸ்பிரிட் போட்டு எடுக்க வேண்டும், உள்ளே இறுகிய கிரீஸ் இருந்தால் குளிரில் பின் மெதுவாக நகர்ந்து தோட்டா வெடிக்காமல் போகும். கட்டையைக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டு நல்ல வெயிலில் வைத்தால் மரம் குடித்த கிரீஸ் தானாக வியர்த்து வெளியே வரும், வர வர வழித்து எடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மரத்தில் இருக்கும் ஆலை முத்திரையும் பரிசோதனை முத்திரையும் போனால் ரைபிளுக்கு மிஞ்சுவது இரும்பு விலைதான்.

அப்புறம் பிரித்து அடுக்குகிற வேலை. பேரலுக்குள் விளக்கடித்துப் பாருங்கள், போல்ட் நம்பரும் ரிசீவர் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள், நம்பர் ஒன்றாக இருந்தாலும் எழுத்துரு வேறாக இருந்தால் ஆயுதக் கிடங்கில் பிற்பாடு அடித்தது என்று அர்த்தம். ஒவ்வொன்றுக்கும் ஹெட்ஸ்பேஸ் கேஜ் (போல்ட் மூடியதும் தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி சரியா என்று பார்க்கும் அளவி) போடுங்கள். என்ஃபீல்டில் 'டிபி' என்று அடித்திருந்தால் அது பயிற்சி அணிவகுப்புக்கு மட்டும் ஒதுக்கிய துப்பாக்கி, சுடுவதற்கு இல்லை. இஷாப்பூர் சரக்கில் .303ஐ .410 ஷாட்கன்னாக மாற்றிய போலீஸ் துப்பாக்கிகளும் கலந்து வரும், ரைபிள் என்று பட்டியலில் எழுதியிருந்தால் பர்மிட்டோடு ஒத்துப்போகாது.

விலை போடும்போது இறக்குமதியாளரின் முதல் விற்பனையில் 11 சதவீதம் எக்சைஸ் வரி போகும் என்பதை மறக்காதீர்கள். வாங்கின விலை, கப்பல், சுங்கம், முத்திரை அடிக்கும் கூலி, விற்க முடியாமல் உதிரிக்குப் போகிறவை என்று எல்லாம் சேர்த்தால், கிடங்கில் 60 டாலருக்குப் பேசியது கடைக்கு வரும்போது எங்கேயோ போயிருக்கும். பத்து இருபது ரைபிளுக்கு இந்தக் கணக்கு எப்படிப் போட்டாலும் உதைக்கும். அந்த அளவுக்குத்தான் ஆசை என்றால், ஏற்கெனவே கன்டெய்னர் இறக்குகிற 08 ஆள் ஒருவரிடம் சொல்லி அவர் பர்மிட்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்வதே புத்திசாலித்தனம்.

இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு 1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கிகள் இருக்கின்றன. சட்டத்தின் கண்ணில் அவை பழங்கலைப் பொருள், ஃபார்ம் 6 இல்லை, சுங்கத்தில் வயதை நிரூபித்தால் போதும். 2003ல் காத்மாண்டுவின் பழைய அரண்மனை ஆயுதக் கிடங்கை இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் மொத்தமாக வாங்கி, மார்ட்டினி-ஹென்றியும் நேபாளத்திலேயே செய்த கஹேந்திரா ரைபிளும் ஆயிரக்கணக்கில் கொண்டுவந்தது இந்த வழியில்தான். ரிசீவர் செய்த வருஷம்தான் கணக்கு. 1897 ரிசீவரில் 1940ல் புதுப் பேரல் போட்ட ஃபின்லாந்து மோசின்கூட இதில் சேரும், ரிசீவரின் பின்வாலான டாங்கில் இருக்கும் தேதியைப் பார்க்கக் கட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும்.

விற்கும்போது 03 உள்ளவருக்கு அவர் லைசென்ஸ் நகலை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டு நேராக அனுப்பலாம். லைசென்ஸ் இல்லாதவருக்கு அவர் ஊர் டீலர் வழியாக, வாங்குபவர் எழுதித் தரும் ஃபார்ம் 4473 பூர்த்தி செய்து. கூடவே ஒரு துண்டுச் சீட்டு வைத்து அனுப்புங்கள்: பழைய ராணுவத் தோட்டா சுட்டால் அன்றைக்கே பேரலை வெந்நீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, எண்ணெய் போடச் சொல்லி. பிரைமரில் இருக்கும் உப்பு சாதாரண கிளீனரில் கரையாது, இரண்டு நாள் விட்டால் துரு பிடித்து, குறை சொல்லி உங்களுக்குத்தான் போன் வரும்.