ஒரே கம்பத்தில் இரண்டு ஆன்டெனா

எங்கள் மொட்டை மாடி தகரக் கொட்டகையில்தான் 4ஜி ரவுட்டர். சிக்னல் விளக்கு எல்லாம் எரியும். வீடியோ காலில் பேசப் பேசக் குரல் கரகரத்து நிற்கும். தெருவில் லாரி போனால் இன்னும் மோசம்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் சிக்னல் அளவைப் பார்த்தேன். மைனஸ் 92 என்று இருந்தது, ஆன்டெனாவைக் கொஞ்சம் நகர்த்தினால் மைனஸ் 110! (மைனஸுக்குப் பின்னால் எண் கூடக்கூட சிக்னல் பலவீனம்.) டவரிலிருந்து நேராக வரும் அலையும், எதிர்வீட்டுச் சுவரிலும் தகரத்திலும் பட்டு வரும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. 4ஜி வரும் அலைவரிசைகளில் ஒன்றான 1800 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 17 செ.மீ. அதனால் நாலு விரல்கடை தள்ளினாலே கதை மாறிவிடும்.

ரவுட்டருக்கு இரண்டு ஆன்டெனா. நான் (மகா புத்திசாலி!) இரண்டையும் ஒரே கம்பத்தில் ஒட்டினாற்போல் நிமிர்த்திக் கட்டியிருந்தேன். அலைகள் அழியும் பள்ளத்தில் ஒன்று விழுந்தால் மற்றதும் கூடவே விழும்.

பிரித்து அரை மீட்டர் தள்ளிவைத்து, ஒன்றை வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமும் 45 டிகிரி சாய்த்தேன். டவர் ஆன்டெனாக்களுக்குள்ளும் பெரும்பாலும் இதே சாய்வுதான். ஒவ்வொன்றும் பத்துக்கு ஒருமுறை தவறினாலும், ஒன்று தவறுவதற்கும் மற்றது தவறுவதற்கும் தொடர்பில்லை என்றால், இரண்டும் சேர்ந்து தவறுவது நூற்றுக்கு ஒருமுறைதான். கேபிளை இன்னும் நீட்ட ஆசை வந்தது. மெல்லிய கேபிள் மீட்டருக்கு ஒரு டெசிபலுக்கு (சிக்னல் இழப்பை அளக்கும் அலகு) மேல் தின்றுவிடும் என்பதால் மூன்று மீட்டரோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்போது லாரி போனால் படம் லேசாக மங்கும். கால் அறுவதில்லை.