மருத்துவக் காப்பீடு: பலரும் படிக்காமல் விடும் வரிகள்

குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது எல்லோரும் கேட்பவை இரண்டு: எத்தனை லட்சம் கவரேஜ், வருஷத்துக்கு எவ்வளவு கட்டணும். அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்று கேட்பவர்கள் குறைவு. பில் வரும்போது கையைச் சுடுவது பெரும்பாலும் அதுதான்.

5 லட்ச ரூபாய் பாலிசியில் அறை வாடகை வரம்பு நாளுக்குக் கவரேஜ் தொகையில் 1 சதவீதம் என்று இருந்தால், 5,000 ரூபாய். நீங்கள் 8,000 ரூபாய் அறையில் 4 நாள் இருக்கிறீர்கள். கூடுதலாக 12,000 தானே, கட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அறைக்கு ஏற்றபடி கட்டணம் மாறும் மருத்துவமனைகளில் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாவற்றையும் அதே விகிதத்தில், எட்டில் ஐந்து பங்காகக் குறைத்துத்தான் நிறுவனம் தரும். அந்தச் செலவு 1,60,000 என்றால் கிடைப்பது 1 லட்சம். மீதி 60,000, வாடகை வித்தியாசம் 12,000, ஆக மொத்தம் 72,000 உங்கள் பாக்கெட்டிலிருந்து. மருந்து, பரிசோதனை, ஸ்டென்ட், ஐசியூ கட்டணம் ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் விதி. வெட்டியிருந்தால் விடாமல் கேளுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் வாடகை வரம்பில்லாத பாலிசிதான் நல்லது.

அடுத்தது, இருக்கிற நோயை மறைப்பது. "சுகர் எல்லாம் எழுத வேண்டாம் சார், பிரீமியம் ஏறிடும்" என்று சொல்லும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். அட்மிஷன் அன்று டியூட்டி டாக்டர் கேட்பார்: "எத்தனை வருஷமா சுகர்?" வீட்டில் யாராவது "எட்டு வருஷமா" என்பார்கள். அது கேஸ் ஷீட்டில் ஏறும். கிளெய்மைப் பரிசீலிப்பவர் தேடிப் படிப்பதே அந்த வரியைத்தான். சொல்லிவிட்டே எடுத்தால் அந்த நோய்க்கான செலவு கிடைக்க அதிகபட்சம் 3 வருஷக் காத்திருப்பு, அவ்வளவுதான்; 2024-க்கு முன் இது 4 வருஷமாக இருந்தது.

அப்பா, அம்மாவையும் ஒரே ஃப்ளோட்டரில் (குடும்பம் முழுக்க ஒரே கவரேஜ் தொகையைப் பகிர்ந்துகொள்ளும் பாலிசி) சேர்ப்பதும் சரிவராது. வயதில் மூத்தவரை வைத்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள். அதோடு, அப்பாவின் ஒரு ஆபரேஷன் அந்த வருஷத்துத் தொகையில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டால் குழந்தைக்கு என்ன மிஞ்சும்? பெற்றோருக்குத் தனியாக எடுங்கள். அதில் கோ-பே, அதாவது பில்லில் நீங்களே கட்ட வேண்டிய பங்கு, எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள்.

ஆபீஸ் பாலிசி இருக்கிறதே என்று சும்மா இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேலையை விட்டால் பொதுவாக அதுவும் போய்விடும். நாற்பத்தைந்து வயதில், பிபி வந்த பிறகு புதிதாக எடுக்கப் போனால் பிரீமியமும் ஏறும், நிபந்தனைகளும் கூடும்.

பாலிசி ஆவணம் கைக்கு வந்ததும் பீரோவில் வைத்துவிடாதீர்கள். 30 நாளுக்குள், நிபந்தனைகள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். அதுவரை கவரேஜ் இருந்த நாட்களுக்கான தொகை, மெடிக்கல் செக்கப் செலவு, முத்திரைக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தைத் தந்துவிடுவார்கள்.